கோணல் பார்ப்பவர்

பெட்ரோல் கார் வைத்திருப்பவருக்கு விசாரத்துக்கு என்றும் பஞ்சமில்லை. எஞ்சின் ஆயில் கறுத்துவிட்டதா, கிளச்சு தேய்ந்துவிட்டதா, பிளக்கில் கரி படிந்திருக்கிறதா, பங்கில் போட்ட பெட்ரோலில் அளவு குறைந்ததா, சைலன்சர் எதற்காக இப்படி இருமுகிறது என்று காலையில் ஆரம்பித்தாரானால், அர்த்தஜாமத்து மணி அடிக்கும் வரையில் மனத்தை ஒரு கவலையிலிருந்து இன்னொரு கவலைக்குச் சாவதானமாக நகர்த்திக்கொண்டு போகலாம். இவ்வளவு சௌகரியங்களையும் ஒரே கையெழுத்தில் பரித்தியாகம் செய்துவிட்டு மின்சாரக் கார் வாங்கிவிட்டவருடைய நிலைமைதான் பரிதாபத்துக்கு உரியது. அதில் மாற்றுவதற்கு எஞ்சின் ஆயில் இல்லை. மிதிப்பதற்குக் கிளச்சு இல்லை. காலை எடுத்த மாத்திரத்தில் மோட்டாரே வேகத்தைக் குறைத்து, அந்தச் சக்தியைப் பாட்டரிக்குத் திருப்பி அனுப்பிவிடுவதால், பிரேக் கட்டைகூடச் சீக்கிரம் தேய மறுக்கிறது. சர்வீஸுக்குக் கொண்டுபோனால், ஏ.சி. பில்டரைத் தட்டிப் போட்டு, கூலண்டை எட்டிப் பார்த்து, "ஒண்ணும் இல்ல சார், எடுத்துட்டுப் போங்க" என்று சாவியைக் கையில் கொடுத்துவிடுகிறார்கள். ஒன்றும் இல்லை என்பதை வைத்துக்கொண்டு ஒரு மனிதர் மாலை வேளையில் திண்ணையில் உட்கார்ந்து எவ்வளவு நேரம் பேசிவிட முடியும்?

ஆகையால், பழைய காருக்கும் புதிய காருக்கும் பொதுவாக மிஞ்சியிருக்கிற சொற்ப அவயவங்களில் ஒன்றாகிய சக்கரத்தின்மேல் தம்முடைய சகல சந்தேகங்களையும் இறக்கி வைத்துவிட்ட ஒரு வகுப்பார் காஞ்சிபுரத்தில் தோன்றியிருக்கிறார்கள். 2018-ஆம் வருஷம் முதல் மின்வாகனங்களுக்குப் பச்சைப் பலகையில் நம்பர் எழுத வேண்டும் என்று சர்க்கார் விதித்திருப்பதனால் இவர்களைக் கண்டுகொள்வது சுலபம் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். பச்சைப் பலகை மாட்டியவர்கள் எல்லாரும் இந்த வகுப்பில் சேர்த்தியல்லர். பிரயாணம் முடிந்து இறங்கியதும் வீட்டுக்குள் போகாமல், காருக்கு முன்னால் பத்தடி தள்ளி நின்று, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, முன் சக்கரங்கள் இரண்டையும் மாறி மாறி உற்று நோக்குகிறவர் எவரோ அவரே அங்கத்தினர். அவரை நம்மவர் என்று வைத்துக்கொள்வோம். பெயரைச் சொல்வது உசிதமல்ல; சொன்னால் நாலைந்து தெருக்காரர்கள் தங்கள் தெருக்காரரை விட்டுவிட்டதாக என்மேல் வருத்தப்படுவார்கள்.

நம்மவர் உத்தியோகத்தில் இருந்த காலத்தில் பட்டு நெசவாளர் கூட்டுறவுச் சங்கம் ஒன்றில் சேலை வாங்கும் மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தவர். காஞ்சிபுரத்துக் கோர்வைச் சேலை ஒற்றை ஆளின் கைவேலை அல்ல என்பது ஊரறிந்த விஷயம். உடலுக்கு ஒரு நாடா, இரு கரைகளுக்கும் இரண்டு நாடா என்று மூன்று நாடாக்கள் ஓட வேண்டும். ஒரு பக்கத்து நாடாவை எறிந்து கொடுப்பதற்குத் தறியின் ஓரத்தில் இன்னோர் ஆளும் உட்கார வேண்டும். உடலின் நிறமும் கரையின் நிறமும் ஒன்றோடொன்று கோத்துக்கொள்ளுகிற அந்தக் கோட்டில் ஓர் இழை பிசகினாலும், கட்டிக்கொள்ளப் போகிற கல்யாணப்பெண்ணின் கண்ணுக்கு அது ஆயுள் முழுவதும் தெரியப்போவதில்லை; நம்மவர் கண்ணுக்கு மேஜையில் சேலையை விரிப்பதற்கு முன்பே தெரிந்துவிடும். கொடுத்த பட்டுக்கும் ஜரிகைக்கும் எடை ஒத்துப்பார்த்து, விரலால் ஒரு முறை நெடுகத் தடவி, "இங்கே" என்று ஓர் இடத்தில் நிறுத்துவார். அந்த 'இங்கே'க்கு நெசவாளர் கூலியில் பிடித்தம் உண்டு. காஞ்சிபுரம் பட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தபோது, அந்தக் கௌரவத்தில் தம்முடைய ஆள்காட்டி விரலுக்கும் ஒரு பாகம் உண்டென்று அவர் அபிப்பிராயப்பட்டார். அது முழுவதும் தவறென்று நான் சொல்லமாட்டேன்.

இப்படிப்பட்ட மனிதர் மின்சாரக் கார் வாங்கியதற்குக் காரணம் கணக்கு. ஜி.எஸ்.டி. 2019 ஆகஸ்டு முதல் பன்னிரண்டு சதவிகிதத்திலிருந்து ஐந்தாக இறங்கியது, தமிழ்நாட்டில் மின்வாகனங்களுக்குச் சாலை வரி விலக்குக் கிடைத்தது, வீட்டுத் திண்ணையோரத்துப் பிளக்கிலேயே ராத்திரி முழுவதும் சார்ஜ் போட்டுக்கொள்ளலாம் என்பது ஆகிய மூன்றையும் ஒரு பழைய டைரியின் பின்பக்கத்தில் எழுதிக் கூட்டிக் கழித்து, விடை வந்தபிறகே அவர் கடைக்குப் போனார். "இதெல்லாம் நேற்றைக்கு வந்த மோஸ்தர்" என்று பரிகசித்த சம்பந்தியிடம், மணிக்கு நூறு கிலோமீட்டர் வேகத்தை உலகத்தில் முதன்முதலாகத் தாண்டிய கார் மின்சாரக் கார்தான் என்றும், அது நடந்தது 1899-ஆம் வருஷம் பாரிஸ் நகரத்துக்கு அருகில் என்றும், நம் நாட்டிலேயே பெங்களூரில் 2001-இல் ரேவா ஓட ஆரம்பித்துவிட்டது என்றும் எடுத்துரைத்து வாயடைத்தார். முதல் சில மாதங்கள் ஆனந்தமாகக் கழிந்தன. அதன்பிறகு அந்தக் காரில் குறையே இல்லை என்பது மெல்ல மெல்லப் பிரத்தியட்சமாயிற்று. அவருடைய ஆகாரம் குறைந்தது. இரண்டு ஜாமம் வரையில் தூக்கமும் வருவதில்லை.

இந்தச் சமயத்தில்தான் நிசப்தம் அவருக்குக் கை கொடுத்தது. எஞ்சின் கத்துகிற காரில் டயரின் சப்தம் யார் காதிலும் விழுவதில்லை. மின்சாரக் காரிலோ, எஞ்சின் இருந்த இடத்தில் மௌனம் குடிபுகுந்துவிடுவதால், நாலு டயர்களும் தார்ச்சாலையோடு பேசுகிற பேச்சு முழுவதும் உள்ளே கேட்கிறது. வெள்ளைகேட்டைத் தாண்டிப் பெங்களூர் நெடுஞ்சாலையில் ஏறியபோது, முன்பக்கத்து இடது மூலையிலிருந்து ஒரு ரீங்காரம் எழுவதை நம்மவர் கேட்டார். ஸ்டீரிங்கிலிருந்து கையை ஒரு கணம் எடுத்துப் பார்த்தார். கார் இடது பக்கமாக மெள்ள ஒதுங்கிற்று. பக்கத்தில் உட்கார்ந்திருந்த அவர் சகதர்மிணி பிற்பாடு என்னிடம் சொன்னதாவது: "ரிட்டயர் ஆனப்புறம் இவரு முகத்துல இப்படி ஒரு களையை நான் பார்த்ததே இல்ல."

சக்கரத்துக்கு நேர் பார்க்கும் சாஸ்திரத்தில் நம்மவர் அன்றைக்கு ராத்திரியே பாலபாடத்தை முடித்தார் என்று நினைக்கிறேன். டோ, கேம்பர், காஸ்டர் என்று மூன்று கோணங்கள் உண்டு. முன் சக்கரங்கள் இரண்டும், பாதங்களைச் சற்றே உள்நோக்கி வைத்து நிற்கிற குழந்தையைப் போல நிற்கின்றனவா, வெளிநோக்கி நிற்கின்றனவா என்பது டோ. சக்கரத்தின் தலை உள்ளே சாய்ந்திருக்கிறதா, வெளியே சாய்ந்திருக்கிறதா என்பது கேம்பர். சக்கரம் எந்த அச்சைப் பற்றித் திரும்புகிறதோ அந்த அச்சு முன்னே சாய்கிறதா, பின்னே சாய்கிறதா என்பது காஸ்டர். டோ அளவு மிஞ்சி வெளியே போனால் டயரின் உள்விளிம்பு தேயும். உள்ளே போனால் வெளிவிளிம்பு. மின்சாரக் காரில் இந்தத் தேய்மானம் பின்னும் சீக்கிரம் தெரியவரும். ஏனென்றால் பாட்டரியின் பாரத்தால் அதே உருவமுள்ள பெட்ரோல் காரைவிட அது அதிகமாகக் கனக்கிறது. மேலும் மிதித்த மாத்திரத்தில் மோட்டார் தன் பலம் முழுவதையும் டயரில் இறக்கிவிடுகிறது. கோணல் டயரைக் கையால் தடவினால் ஒரு திசையில் வழுவழுப்பாகவும் எதிர்த்திசையில் சொரசொரப்பாகவும் தட்டுப்படும் என்று கேள்விப்பட்டதுதான் தாமதம், நம்மவருடைய ஆள்காட்டி விரலுக்குப் புனர்ஜன்மம் வந்துவிட்டது. விடியற்காலையில் வாசலில் குந்தி உட்கார்ந்து, கண்ணை மூடிக்கொண்டு, அவர் டயரைத் தடவுகிற காட்சியைப் பால்காரர் பார்த்துவிட்டுப் போய் அக்கம்பக்கத்தில் என்ன சொன்னார் என்பது இங்கே வேண்டாம்.

சக்கரம் திரும்புகிற விஷயத்தில் அவருக்கு முன் அனுபவமே இல்லை என்று சொல்வதும் நியாயமாகாது. வைகாசிப் பிரம்மோத்ஸவத்தில் வரதராஜப் பெருமாள் தேர் புறப்படுகிற நாளில், காந்தி ரோடு தேரடியில் வடம் பிடிக்கிறவர்களைவிட முட்டுக்கட்டை போடுகிறவர்களின் பக்கத்திலேயே அவரைக் காணலாம். தேரின் அச்சு திரும்பாது. அதற்கு ஸ்டீரிங் கிடையாது. ஓடுகிற சக்கரத்தின் அடியில் கட்டையை உரிய சமயத்தில் உரிய சாய்வில் கொடுத்து, அவ்வளவு பெரிய மரமலையை ஓர் ஆள் வீதியின் நடுவுக்குக் கொண்டுவந்து விடுகிறார். உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு செய்கிற காரியம் அது. நம்மவர் மூன்றடி தள்ளி நின்றுகொண்டு, "வலது பக்கம் ஒரு விரக்கடை" என்பார். அந்த ஆசாமிகள் அவரைத் திரும்பிப் பார்த்ததை நான் கண்டதில்லை.

அச்சு முழுவதையும் திருப்பாமல், உள்பக்கத்துச் சக்கரத்தை ஒரு கோணத்திலும் வெளிப்பக்கத்துச் சக்கரத்தை வேறொரு கோணத்திலும் தனித்தனியாகத் திருப்புகிற உபாயத்தைக் குதிரை வண்டிக்காக யோசித்தவர் மியூனிக் நகரத்து வண்டி செய்பவராகிய லாங்கென்ஸ்பெர்கர் என்பவர். அவருக்காக 1818-இல் லண்டனில் காப்புரிமை வாங்கிக் கொடுத்தவர் சித்திரப் புத்தகங்கள் பிரசுரித்த ஆக்கர்மன். இன்றைக்கு உலகத்துப் புத்தகங்களிலெல்லாம் அந்த அமைப்புக்கு ஆக்கர்மன் பெயரே வழங்குகிறது. இதை நான் சொன்னபோது நம்மவர் நெடுநேரம் மௌனமாக இருந்துவிட்டு, "நெய்தவன் ஒருத்தன், லேபிள் ஒருத்தன்" என்றார். சங்கத்து மேஜை மனத்தைவிட்டு அகலவில்லை.

செங்கல்பட்டு போகும் சாலையில் உள்ள அலைன்மெண்ட் கடைக்கு அவரோடு ஒரு நாள் நானும் போனேன். கையில் மஞ்சள் பை. அதற்குள் பிளாஸ்டிக் உறை போட்ட கார்ப் புஸ்தகம், முந்தைய அலைன்மெண்டுச் சீட்டுகள், ஒரு பூதக்கண்ணாடி. கடையில் வேலை செய்த பையனுக்கு இருபத்தைந்து வயதிருக்கும், பிள்ளையார்பாளையத்துப் பிள்ளை. தகப்பனார் தறிக்குழியில் உட்கார்ந்து காலம் கழித்தவர். மகன், அந்தப் பேட்டையின் எத்தனையோ பிள்ளைகளைப் போலவே, இருங்காட்டுக்கோட்டை, ஒரகடம் பக்கத்துக் கார் ஆலைகளில் ஒப்பந்த வேலை பார்த்துவிட்டு இங்கே வந்து சேர்ந்தவன்.

"தம்பி, வண்டி லெப்ட்ல இழுக்குது."

"போன மாசந்தானே சார் பண்ணோம்?"

"போன மாசம் பண்ணதிலேருந்துதான் இழுக்குது."

பையன் பதில் பேசவில்லை. காரை மேடையில் ஏற்றி, முன் சக்கரங்களைச் சுழல்தட்டின் மேல் நிறுத்தி, நாலு சக்கரங்களிலும் கவ்விகளை மாட்டி, அவற்றில் பிரதிபலிக்கும் பலகைகளைப் பொருத்தினான். எதிரே உயரமான கம்பத்தில் இருக்கிற காமிராக்கள் அந்தப் பலகைகளைப் பார்த்துக் கோணத்தைக் கணக்கிட்டுத் திரையில் காட்டும். இப்படிப்பட்ட யந்திரங்களைப் பாண்டிச்சேரியிலேயே செய்கிறார்கள் என்பதில் நம்மவருக்கு ஓர் அந்தரங்கமான ஏமாற்றம். ஜெர்மனியிலிருந்து வந்திருந்தால் சந்தேகிப்பதில் இன்னும் கொஞ்சம் கம்பீரம் இருந்திருக்கும். காமிரா சரியாகக் கணக்கிட வேண்டுமானால் காரைக் கொஞ்சம் பின்னே தள்ளி, மறுபடி முன்னே தள்ள வேண்டும். பையன் தள்ளினான். கார் அசையவில்லை.

"வண்டிய ஆன் பண்ணுங்க சார்."

"ஆன்லதான் இருக்கு."

"சத்தமே வரலியே?"

"சத்தம் வந்தா அது வேற வண்டி."

ஆனால் நம்மவர் கதவைத் திறந்துகொண்டு இறங்கியபோதே கார் தானாகப் பார்க்கிங் பூட்டைப் போட்டுக்கொண்டுவிட்டது. புஸ்தகத்தில் அந்தப் பக்கத்தைத் தேடிப் பிடித்து, உள்ளே ஏறி, பிரேக்கை மிதித்து, நியூட்ரலில் வைத்து, ஒரு சமஸ்தானத்தை ஒப்புக்கொடுக்கிற பாவனையோடு "இப்போ தள்ளு" என்று உத்தரவிட்டார். பையன் குனிந்து டை ராடு நட்டைத் தளர்த்தப் போனபோதெல்லாம், "அடியிலே பூரா பாட்டரி, ஆரஞ்சு வயர்ல கை வைக்காதே" என்று இரண்டு நிமிஷத்துக்கு ஒரு தடவை எச்சரித்தார். டை ராடு பாட்டரிக்கு வெகு தூரத்தில் இருக்கிறது. ஆனாலும் கவலைப்படுகிற உரிமை கிடைக்கிறபோது அதை அனுபவிக்காமல் விட்டுவிட அவரால் முடியவில்லை.

திரையில் சிவப்பாக இருந்த கட்டங்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் பச்சையாயின. இடது சக்கரத்தில் டோ மூன்று மினிட், வலது சக்கரத்தில் ஐந்து மினிட் என்று நின்றது. ஒரு டிகிரியை அறுபது பங்காக்கினால் ஒரு பங்குக்கு மினிட் என்று பெயர்.

"இதுல மூணு, அதுல அஞ்சு. ரெண்டு மினிட் எங்கே போச்சு?"

"அது டாலரன்ஸ் சார். அதுக்குள்ளதான் இருக்கு, பச்சை காட்டுது பாருங்க."

"கேம்பர்லயும் ரெண்டு பக்கம் வித்தியாசம் இருக்கே?"

"இந்த வண்டில டோ மட்டுந்தான் சார் திருத்தலாம். மத்தது கம்பெனி செட்டிங். பார்க்கலாம், தொட முடியாது."

பார்க்கலாம், தொட முடியாது என்கிற ஒரு குறையை நம்மவர் தம் உத்தியோக வாழ்க்கை முழுவதிலும் சந்தித்ததில்லை. மஞ்சள் பைக்குள் மறுபடியும் கையை விட்டார். வெளியே வந்தது ஒரு கண்டு பட்டுநூல். முறுக்கேற்றிய பாவு நூல். காமிரா வருவதற்கு முன்பு இந்த ஊர் மெக்கானிக்குகள் நூல் கட்டித்தான் சக்கரத்தை நேர் பார்த்தார்கள் என்று எனக்கு விளக்கிக்கொண்டே, பின் சக்கரத்தின் புறத்திலிருந்து முன் சக்கரத்தின் புறம் வரையில் நூலை இழுத்துப் பிடிக்கச் சொல்லி ஒரு முனையை என் கையில் கொடுத்தார். நான் பிடித்தேன். முன் சக்கரத்தில் நூல் ஒட்டாமல் ஒரு நெல் அளவு விலகி நின்றது.

"பார்த்தீரா!"

பையன் கையைத் துடைத்துக்கொண்டு வந்தான். "முன் வீல் அகலமும் பின் வீல் அகலமும் ஒண்ணு இல்ல சார். அதான் விலகுது. நூல் பொய் சொல்லும்."

இந்த வார்த்தை காஞ்சிபுரத்தின் எல்லைக்குள் இதற்கு முன்னால் எவர் வாயிலிருந்தும் வந்திருக்காது என்றே நம்புகிறேன். நம்மவர் திக்பிரமை பிடித்து நின்றார். பிறகு நூலை மெதுவாகச் சுற்றிக்கொண்டு, தம் பழைய மேஜைக் குரலில், அந்த இரண்டு மினிட்டுக்காக ரசீதில் ஏதாவது குறைத்துக்கொள்வதுதான் தர்மம் என்றார்.

"எங்கப்பா கூலில ரெண்டு வாட்டி பிடிச்சீங்க சார்," என்றான் பையன், கோபமில்லாமல். "அதுக்கும் இதுக்கும் சரியாப் போச்சுன்னு வெச்சுக்குங்க."

நம்மவர் அவன் முகத்தை ஏறிட்டுப் பார்த்தார். பிதாவின் பெயரைக் கேட்டார். பெயர் ஞாபகத்துக்கு வரவில்லை. வீடு எந்தத் தெரு என்று கேட்டார், அதுவும் வரவில்லை. "என்ன சேலை?" என்று கேட்டார். பையன் ஏதோ சொன்னான்.

"மயில்கழுத்து உடல், அரக்குக் கரை, ரெட்டைப்பேட்டு! முந்தானைக்கு நாலு விரல் மேலே, இடது கரையிலே!" என்று அவர் ஏறக்குறையக் கூவினார். "அப்பேர்ப்பட்ட சேலையை நான் அந்த வருஷம் பூரா பார்க்கலேப்பா. அதனாலேதான் அந்த ஓர் இழை என் கண்ணை உறுத்திச்சு. உங்கப்பா இப்போ நெய்யறாரா?"

"கண்ணு தெரியல சார். விட்டுட்டாரு."

சிறிது நேரம் யாரும் பேசவில்லை. நம்மவர் ரசீதில் கண்ட தொகையை முழுவதும் கொடுத்தார். சில்லறையை எண்ணிப் பார்க்காமலே சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். அவர் சில்லறை எண்ணாமல் இருந்ததை அன்று ஒரு தரம்தான் கண்டேன்.

காரில் ஏறி உட்கார்ந்தபிறகு ஜன்னலை இறக்கி, "ஆனாலும் தம்பி, இழுக்குதே?" என்று பரிதாபமாகக் கேட்டார்.

"ரோடு சார்," என்றான் பையன். "ரோடே அப்படித்தான் போட்டிருக்காங்க."

மழைநீர் தேங்காமல் வழிந்து ஓட வேண்டும் என்பதற்காகச் சாலையின் நடுவை மேடாக்கி, இரு ஓரங்களையும் தாழ்த்தி அமைப்பார்கள். நூறு அடிக்கு இரண்டு அடி என்ற அளவில் இருக்கிற அந்தச் சரிவு நடக்கிறவர் காலுக்குத் தெரியாது. இடது ஓரமாக ஓடுகிற காருக்குத் தெரியும். பூரணமாக நேர் பார்க்கப்பட்ட காரும் அந்தச் சரிவில் இடது பக்கமாகத்தான் ஒதுங்கும். வலது பக்கமாக ஓட்டுகிற தேசங்களில் வலது பக்கம் ஒதுங்கும். பையன் இதை ரசீதின் பின்பக்கத்தில் ஒரு வில்லைப் போட்டுக் காட்டினான்.

நம்மவருக்கு இதில் இரண்டு நாள் போயிற்று. ஸ்ரீபெரும்புதூருக்கும் வாலாஜாபேட்டைக்கும் இடையில் சாலையை ஆறு வழியாக அகலப்படுத்துகிறார்களே, அங்கேயாவது தட்டையாகப் போடச் சொல்லித் திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர்க் கூட்டத்தில் மனுக் கொடுப்பதென்று முதலில் தீர்மானித்தார். மனுவும் எழுதியாயிற்று, தேதியிட வேண்டியதுதான் பாக்கி. அப்போது அந்த வில்லை மறுபடியும் எடுத்துப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்ததில், இடது சரிவும் வலது சரிவும் சந்திக்கிற இடத்தில், அதாவது சாலையின் நட்டநடுவில், சரிவு என்பதே கிடையாது என்ற உண்மை அவருக்குப் புலப்பட்டது.

மறுநாள் காலையில் என்னையும் ஏற்றிக்கொண்டு ஓரிக்கைப் பக்கமாகப் பாலாற்றுப் பாலத்தை நோக்கிப் புறப்பட்டார். வெள்ளைக்கோடு இரண்டு சக்கரங்களுக்கும் சரிமத்தியில் வருமாறு காரை நிறுத்திக்கொண்டு, மணிக்கு முப்பது கிலோமீட்டரில் அவர் போக, பின்னால் உத்திரமேரூர் பஸ் ஒன்றும், அதன்பின் செங்கல் லாரி ஒன்றும், அதன்பின் என்னென்னவோ வாகனங்களும் ஹாரனிலிருந்து கையை எடுக்காமல் வந்துகொண்டிருந்தன. எதிரே வந்த டிராக்டர்காரன் ஒருவன் ஓரத்தில் இறங்கி நின்று, நம் குலம் கோத்திரம் எல்லாவற்றையும் விசாரித்தான். நம்மவர் ஜன்னல்களை ஏற்றிவிட்டு, ஸ்டீரிங்கிலிருந்து இரண்டு கைகளையும் ஓர் அங்குலம் உயர்த்திப் பிடித்துக்கொண்டு, என் பக்கம் திரும்பி, "பார்த்தீரா, இழுக்கவே இல்லை" என்றார்.